சித்தப்பாவை எச்.டி.யில் ஏற்றிய கதை

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்ல வாய் வராத வயது ஒன்று உண்டு. எனக்கு அது இருபத்திரண்டில் வந்தது. (போய்விட்டதா என்று கேட்காதீர்கள்.)

அப்போது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கலியாண வீடியோ எடுக்கும் சின்ன ஸ்டூடியோவில் எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை தாலி கட்டும்போது திரையின் நான்கு மூலையிலிருந்தும் ரோசாப்பூ விழச் செய்வதுதான் என் உத்தியோகம். காலி வீதியில் சோதனைச் சாவடி, வீட்டில் பொலிஸ் பதிவு, சட்டைப் பையில் எப்போதும் அடையாள அட்டை என்று யுத்தத்தோடு வாழ்ந்த காலம். ஆனால் என் மண்டைக்குள் ஓடியதோ ஒரே ஒரு சொல்: ரீமாஸ்டரிங். வெளிநாடுகளில் பழைய டெலிவிஷன் தொடர்களைத் துடைத்து, மினுக்கி, எச்.டி.யாக மறுபடியும் வெளியிடுகிறார்கள் என்று எங்கேயோ வாசித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 'டிஜிட்டல் ரீமாஸ்டரிங் நிபுணர்' என்று விசிட்டிங் கார்ட்கூட அடித்துவிட்டேன். அதுவரை நான் ரீமாஸ்டர் செய்தவற்றின் எண்ணிக்கை பூச்சியம்.

முதல் வாடிக்கையாளர் வீட்டுக்குள்ளேயே கிடைத்தார். என் சித்தப்பா.

சித்தப்பா வாலிப வயதில் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் நடித்தவர். ஒரே நாடகம். அதுவும் ஒரே முறைதான் ஒளிபரப்பானது, அவர் கலியாணம் கட்டுவதற்கு முந்தி. சித்தி பார்த்ததில்லை, நான் பிறக்கவேயில்லை. சித்தியின் அண்ணன், நாங்கள் கனடா மாமா என்று கூப்பிடுகிறவர், இதை ஒரு நாளும் நம்பினதில்லை. வரும்போதெல்லாம் சபை நிறைந்த நேரம் பார்த்து, "என்ன மச்சான், அந்தப் படம் இன்னும் ஓடுதோ?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சித்தப்பாவும் சிரிப்பார். பிறகு அன்றைக்கு முழுக்க அவர் வாய் திறக்கமாட்டார். எனக்கு அது பொறுக்காது.

சித்தப்பாவின் அறுபதாம் கலியாணத்துக்கு மாமா வரப்போகிறார் என்று செய்தி வந்த அதே கிழமை, கொட்டாஞ்சேனையில் மூடப்போகும் வீடியோக் கடை ஒன்றில் அந்த நாடகத்தின் கசெட் இருப்பதாகத் தெரியவந்தது. பறந்தேன். பூஞ்சணம் பிடித்த கசெட்டை நெஞ்சோடு அணைத்தபடி த்ரீவீலரில் திரும்பும்போது சாவடியில் மறித்தார்கள்.

"மே மொகத்த?" என்று கசெட்டைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார் ஆமிக்காரர். இது என்ன?

"பரண டெலி நாட்டியக், மாத்தயா. அபே பாப்பா இன்னவா" என்றேன். பழைய நாடகம், எங்கள் சித்தப்பா இருக்கிறார்.

அவர் கசெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீரயாத?" கதாநாயகனா?

"ஓவ்!" ஆம் என்றேன், நாடகத்தை நானே பார்க்காமல். அவர் சிரித்து, போகச் சொல்லிவிட்டார்.

பெருமையில் வீட்டுக்கு வந்து, "சித்தப்பா, உங்களுக்கு என்ன வேஷம்?" என்று கேட்டேன்.

"முழுக் கதையும் என்னைச் சுத்தித்தான் தம்பி நடக்குது. பாத்தாத் தெரியும்."

"அப்ப ஹீரோ!"

"அப்பிடியும் சொல்லலாம்" என்று சுவரைப் பார்த்தார். அவர் ஏன் சுவரைப் பார்த்தார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. கூட இருந்து பார்க்கட்டுமா என்று அவர் கேட்டபோதும், "இல்லை, பெரிய திரையில பாருங்கோ" என்று விரட்டிவிட்டேன்.

கசெட் ஒரே ஒரு முறை ஓடியது. அதைக் கொம்பியூட்டருக்குள் ஏற்றி முடிந்த கையோடு, ஸ்டூடியோவின் டெக் அதைச் சப்பித் துப்பிவிட்டது. பரவாயில்லை, கொப்பி இருக்கிறது. நாடகத்தில் அடர்ந்த மீசையோடு ஓர் இளைஞன் ஓடியாடி வசனம் பேசினான். இவர்தான் சித்தப்பா என்று முடிவு கட்டினேன். (இப்போது மீசையில்லை, முடியில்லை, அதனால் வித்தியாசம் இருக்கும்தானே!) மூன்று கிழமை அந்த முகத்தையே துடைத்தேன், அவன் இல்லாத காட்சிகளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மீசையில் மயிர் மயிராகத் தெரியும்வரை விடவில்லை.

இதற்கிடையில் மாமா வந்து இறங்கினார், கட்டுநாயக்காவில் டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய நாற்பத்திரண்டு அங்குல அகலத்திரை ரீவியோடு. அதில் பழைய படம் ஒன்றைப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புக் கரை விழுந்தது. மாமாவுக்கு வந்ததே கோபம்.

"இதென்ன, காசு குடுத்து வாங்கினது அரைவாசி வேலை செய்யேல்லையோ?"

அவருடைய ரீவி முழுக்க நிரம்பவேண்டும்! எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. படத்தை அகலத்துக்குப் பெருப்பித்தால் உயரத்தில் ஒரு பங்கை வெட்டவேண்டும். ஆட்களின் தலை வெட்டுப்பட்டால் அவலட்சணம். ஆகவே வெட்டு முழுவதையும் கீழ்ப்பக்கத்திலிருந்தே வெட்டினேன். கீழே என்ன இருக்கப்போகிறது, நிலம்தானே? ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதாததால் பழைய கொப்பியையும் அழித்துவிட்டேன்.

அறுபதாம் கலியாணத்தன்று பின்னேரம், சித்தப்பாவின் ஃப்ளாட்டில் முப்பது பேர். சித்தப்பா புது வேட்டியோடு முன்வரிசையில், பக்கத்தில் கூறைச் சேலையில் சித்தி, மறுபக்கம் மாமா. நான் ஒரு குட்டிச் சொற்பொழிவு ஆற்றிவிட்டு (அந்த விசிட்டிங் கார்டையும் பகிர்ந்தேன்) டிஸ்க்கைப் போட்டேன்.

படம் கண்ணாடி போல வந்தது. மீசைக்காரன் திரையில் தோன்றியதும், "பாருங்கோ சித்தி, சித்தப்பா!" என்று கத்தினேன்.

சித்தி திரையைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். "இந்தாள் இவரில்லை."

"ஓம், நானில்லை" என்றார் சித்தப்பா, மெதுவாக. "நான் பொறகுதான் வருவன்."

அடுத்த காட்சி செத்தவீடு. அதன் பிறகு நாடகம் முடியும்வரை செத்தவீடுதான். பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றிநின்று மார்பில் அடித்து அழுகிறார்கள். குனிந்து குனிந்து அழுகிறார்கள். ஒரு கிழவர் பூப்போடுகிறார், பூ திரையின் அடியில் விழுந்து மறைகிறது. ஆனால் பிரேதத்தைக் காணவில்லை.

"ஆரைப் பாத்து உவையள் அழுகினம்?" என்று மாமா கேட்டார்.

சித்தப்பா எழும்பிவிட்டார். ரீவிக்குக் கிட்டப் போய், சட்டத்தின் கீழ் விளிம்பைத் தடவினார். கதிரைக்குக் கீழே தொலைந்த செருப்பைத் தேடுகிற மாதிரி.

"தம்பி… இதிலைதானே நான் கிடந்தனான்?"

கதை முழுதும் அவரைச் சுற்றித்தான் நடந்தது. அவர்தான் பிரேதம். கண் சிமிட்டுகிறார் என்று டிரெக்டர் அவர் முகத்தைக் கிட்டவைத்து எடுக்கவும் இல்லையாம். ஒரு மனுஷனின் ஒரே நடிப்பை, நிலம் என்று நினைத்து, நான் வெட்டி எறிந்துவிட்டேன்.

"பிரேதமோ!" மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அதுவும் காணாமல் போன பிரேதம்! மச்சான், நீர் சொல்லுறதுக்கும் ஒரு அளவு…"

சித்தப்பா கதிரைக்குத் திரும்பினார். புது வேட்டியின் கரையை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். சபையில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அழுகை வந்தது. டிஸ்க்கை நிறுத்தத் தேடினால் ரிமோட் மாமாவின் மடிக்குள்.

அந்த நேரத்தில் திரையில் காட்சி மாறியது. கமெரா கால்மாட்டுப் பக்கம் போயிருந்தது. வெள்ளைத் துணிக் கீலத்தால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய ஒரு சோடிக் கால், திரையின் நடுவில். இடது காலின் இரண்டாம் விரல் பெருவிரலுக்கு மேலே ஏறிப் படுத்திருந்தது. அது மெல்ல ஒருதரம் சொறிந்தது.

"ஐயோ, பிரேதம் கால் ஆட்டுது!" என்று யாரோ கத்தினார்கள்.

"நுளம்பு!" என்று சித்தப்பா துள்ளி எழும்பினார். "அண்டைக்கு நுளம்பு கடிச்சது! அது என்ர கால்!"

"நிப்பாட்டுங்கோ அண்ணை!" என்றார் சித்தி. மாமா நிப்பாட்டினார். சித்தப்பா வேட்டியைத் தூக்கிக்கொண்டு இடது காலை ரீவி மேசையில் வைத்தார். அதே விரல்! அதே ஏற்றம்! மாமா கண்ணாடியை மாட்டி, முழங்காலில் நின்று, திரையையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மச்சான்தான்" என்றார் மாமா. கைதட்டலில் கீழ்வீட்டுக்காரர் பயந்துபோய் மேலே ஓடிவந்துவிட்டார். மாமா அந்த விரல் அசைவை ஒன்பது தரம் திருப்பித் திருப்பிப் போட்டார். ஒவ்வொரு தரமும், "என்ன நடிப்பு!" என்றார். சித்தப்பா அன்றிரவு வாயை மூடவேயில்லை.

நான் அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் வெட்டவில்லை. மன்னிப்பாக, அந்தக் கால்களைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். சித்தி அதைக் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். இப்போதும் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் கட்டிவைத்த கால்களைக் கண்டு திகைத்து, செத்தவர் யார் என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்.

சித்தி தேத்தண்ணீரை நீட்டியபடி, "இவர்தான்" என்பார். "அப்ப நடிச்சுக்கொண்டிருந்தவர்."