டெல்பர்ட்டின் முட்டிவலி

"இதைவிடப் பெரிசு இல்லையா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார் ஆர்லோ ஹாகன்.

பழைய சாமான் கடைக்காரி மேஜை மேல் கிடந்த பூட்ஸைப் பார்த்தாள். பிறகு ஆர்லோவின் காலைப் பார்த்தாள். அவருக்கு ஏழாம் நம்பர். ஆளும் அதற்கேற்ற உயரம்தான். சபையில் படம் எடுக்கும்போதெல்லாம் நாற்பது வருடமாக ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளோடு முன்வரிசையில்தான் நிற்கிறார்.

"இது பதினஞ்சாம் நம்பர். இதுக்கு மேல வேணும்னா படகுதான் வாங்கணும். யாருக்கு?"

"என் மச்சானுக்கு."

சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டார். அவருக்கு மச்சான் கிடையாது. அக்கா தங்கை இல்லை, மனைவி நார்மாவின் கூடப்பிறந்தது நான்கும் பெண்கள்.

வெளியே வந்ததும் வானத்தைப் பார்த்து, "ஆண்டவரே, இது பொய்யில்ல, பாதுகாப்பு" என்றார். மேலேயிருந்து மறுப்பு எதுவும் வராததால் வண்டியைக் கிளப்பினார்.

காரணம் இல்லாமல் இல்லை. போன வருடம் எல்க் மான் வேட்டைக்குப் போனபோது சபையின் தகர அடுப்பை இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அவர் மலைமேல் இருந்த நேரத்தில் யாரோ கூடாரத்துக்குள் புகுந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பக்கவாட்டில் 'பெத்லகேம் சபைக்குச் சொந்தம்' என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது. திருடியவன் குளிர்காயும்போதெல்லாம் அந்த எழுத்து அவன் கண்ணில் படும் என்பதுதான் ஆர்லோவுக்கு ஒரே ஆறுதல்.

சபையில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் கஷ்டம். போதகரின் மனைவி சிக்னே அம்மா ஒவ்வொரு ஞாயிறும் காபி ஊற்றும்போது, "நாங்க எல்லாரும் உங்களை மன்னிச்சிட்டோம் ஆர்லோ" என்பார். ஒரு வருடம் முழுக்க ஒரு ஞாயிறு விடாமல் மன்னிக்கப்பட்டார். பிறகு மாதர் சங்கத்தார் ரொட்டி சுட்டு விற்றுப் புது அடுப்பு வாங்கினார்கள். வாங்கிய கையோடு, கூடாரத்தையும் சேர்த்து அவரிடமே கொடுத்தார்கள். "எடுத்துட்டுப் போங்க. நாங்க நம்புறோம்."

"இதுவும் போச்சுன்னா நான் மூப்பர் பதவியை விட்டுடுவேன் நார்மா. கோயில்ல தலைகாட்ட மாட்டேன்" என்றார் ஆர்லோ.

"துப்பாக்கியை வீட்டுல வச்சிட்டு அடுப்புக்குப் பக்கத்துலயே உட்கார்ந்துக்கோங்க. எப்படியும் மான் உங்க கைல மாட்டப்போறதில்ல."

ஓடைக்கரைப் புல்வெளியில் ஏற்கெனவே மூன்று கூடாரங்கள் இருந்தன. ஆர்லோ தன் கூடாரத்தை அடித்தார். வாசலில் பதினைந்தாம் நம்பர் பூட்ஸை வைத்தார். பக்கத்தில் சட்டி அளவுக்கு ஒரு நாய்க்கிண்ணம். பைன் மரத்தில் தடித்த சங்கிலி ஒன்று, முனையில் நாய் இல்லாமல். உள்ளே ரேடியோவைச் சன்னமாக வைத்தார். அது நாள் முழுக்க மாட்டுச் சந்தை நிலவரம் சொல்லும். பார்க்கிறவனுக்கு, உள்ளே ஒரு ராட்சசன் படுத்திருக்கிறான் என்று தோன்றும். ஆர்லோவுக்கே லேசாகப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை அவர் மலையிலிருந்து இறங்கி வந்தபோது பக்கத்துக் கூடாரத்து மேவிஸ் வழிமறித்தாள். எழுபது வயது, கம்பளிக் குல்லாய், கையில் கரண்டி. கணவர் லாயிட் வேட்டைக்குப் போவார். அவள் சமைத்துக்கொண்டு கூடாரத்திலேயே இருப்பாள்.

"தம்பி, உங்க கூடாரத்துல யாரு? காலைல போய்க் குரல் கொடுத்தேன், பதிலே இல்ல."

"என் மச்சான், டெல்பர்ட்." வாயில் வந்த பெயர் அது. "பெரிய ஆளு. கோபக்காரன். யாரும் கிட்டப் போகாம இருக்கிறது நல்லது."

"வேட்டைக்கு வரலையா அவரு?"

"முட்டி வலி."

கோபக்காரன் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். மேவிஸ் போன்ற பெண்கள் கோபக்காரனை விட்டு விலகிப் போவார்கள். முட்டிவலிக்காரனை லேசில் விடமாட்டார்கள்.

"அடப் பாவமே! அதான் கோபம். வலிச்சா யாருக்குத்தான் வராது? நாய் எங்க, குலைக்கவே காணோம்?"

"அதுவும் உள்ளதான் இருக்கு. அவனைப் பார்த்தா அதுக்கும் பயம்."

கூடாரத்துக்கு வந்து பார்த்தால், பின்பக்கம் அவர் அள்ளிப் போட்டிருந்த விறகை யாரோ சதுரமாக அடுக்கி, தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். லாயிட்டாகத்தான் இருக்கும். போய் நன்றி சொல்லலாம் என்று நினைத்தார். ஆனால் பேச்சு டெல்பர்ட் பக்கம் திரும்பிவிடுமே! அவ்வளவு அழகாக அடுக்கியதைக் கலைக்கவும் மனம் வரவில்லை. உள்ளே கிடந்த விறகையே எரித்தார்.

செவ்வாய்க்கிழமை வாசல் கட்டையின் மேல் ஒரு கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. கிண்ணத்தை வாங்கிக்கொள்ள மேவிஸே வந்தாள்.

"டெல்பர்ட்டுக்கு என் சூப்பு ரொம்பப் பிடிச்சிருக்கு தம்பி. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலா வேணுமாம்."

"அவனா சொன்னான்?"

"பின்னே? நான் கட்டை மேல உட்கார்ந்துக்கிட்டேன், அவர் உள்ள இருந்தே பேசினார். கோபக்காரர்னு சொன்னீங்களே, தங்கமான மனுஷன்! மாட்டு விலை எல்லாம் விரல் நுனியில வச்சிருக்காரு."

ஆர்லோவுக்கு விளங்கிவிட்டது. ரேடியோ! பாவம், அந்த அம்மாள் அரைநாள் ரேடியோவோடு பேசிவிட்டு வந்திருக்கிறாள். சூப்பைக் காட்டுப் பறவைகள் குடித்திருக்கும். கிண்ணத்தைத் தானே கழுவி வைத்துவிட்டு அதையும் மறந்திருப்பாள். வயது அப்படி. அன்று ஜெபத்தில் நார்மாவுக்குப் பிறகு, சபைக்கு முன்பாக, மேவிஸின் புத்தி தெளிவுக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். அதைச் செய்தபோது தன்னைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புதன்கிழமை அந்தப் பெருமை போய்விட்டது. பூட்ஸில் ஈரச்சேறு ஒட்டியிருந்தது. காலையில் வெளியே பார்த்திருந்த நுனி இப்போது கூடாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாய்ந்து உள்ளே போனார். அடுப்பு இருந்தது. படுக்கைப் பை, விளக்கு, காபிக் கெண்டி எல்லாம் இருந்தன. ஆனால் யாரோ வந்து நோட்டம் பார்த்திருக்கிறான்! பாதை வளைவில் ஒரு பழைய பச்சை பிக்கப் வண்டி மூன்று நாளாக ஆளில்லாமல் நிற்பதும் நினைவுக்கு வந்தது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவர் மானைத் தேடவில்லை. எதிர்மேட்டில் ஒரு பாறையில் உட்கார்ந்து, பைனாகுலரைத் தன் கூடாரத்து வாசல் மேலேயே வைத்திருந்தார். திருடன் எவனும் வாசலுக்கு வரவில்லை. மேவிஸ்தான் வந்தாள். கட்டையில் உட்கார்ந்து கித்தான் துணியைப் பார்த்துப் பேசினாள், தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். மாட்டு விலையில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆர்லோவுக்குக் கண் கலங்கியது.

எழுந்து திரும்பியபோது, அவர் முதுகுக்குப் பத்தடி பின்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குளம்புத் தடங்கள் போயிருந்தன. பதினெட்டு வருட வேட்டையில் அவ்வளவு பெரிய எல்க் அவ்வளவு பக்கத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. அது நின்று அவரை நன்றாகப் பார்த்துவிட்டும் போயிருக்கிறது.

சனிக்கிழமை மாலை கூடாரத்தைச் சுற்றித் தூண்டில் நரம்பைக் கட்டி, அதில் காலி பீன்ஸ் டப்பாக்களைத் தொங்கவிட்டார். திருடன் காலை வைத்தால் பாதி மொண்டானா மாநிலத்துக்குக் கேட்கும். கட்டி முடித்ததும், வேலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

லாயிட் ஓடிவந்தபோது ஆர்லோ மல்லாந்து கிடந்தார். ஒரு டப்பா மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"மெதுவா தம்பி, மெதுவா! டெல்பர்ட் தூங்குறாரோ என்னவோ, எழுப்பிடாதீங்க" என்று கிசுகிசுத்தார் லாயிட். கைகொடுத்துத் தூக்கிவிட்டு, நரம்பைப் பிரித்துச் சுருட்டினார். "இதெல்லாம் எதுக்கு? அவர் இருக்கும்போது எவன் வருவான்? அந்தத் தைரியத்துலதான் நாங்க மூணு கூடாரமும் பூட்டு போடறதையே விட்டுட்டோம்."

"என்னது?"

"குதிரைச் சேணம், துப்பாக்கி, மேவிஸோட மூக்குக்கண்ணாடி எல்லாம் திறந்தபடியே கிடக்கு. நாலு நாளாச்சு, ஒரு ஸ்பூன் காணாமப் போகல. நல்ல காவலாளி அவர்."

ஆர்லோவுக்கு இப்போதுதான் உண்மையில் வலித்தது. ஒரு அடுப்பைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை நம்பி மூன்று குடும்பங்கள் எல்லாவற்றையும் திறந்துபோட்டுவிட்டுப் போகின்றன. காவலுக்கு நிற்பதோ ஒரு ஜோடி பூட்ஸ்!

"இன்னொண்ணு" என்றார் லாயிட். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எல்லாரும் சேர்ந்து ஜெபம் வச்சிருக்கோம். நீங்க சபை மூப்பராச்சே. டெல்பர்ட் முட்டிக்காக நீங்கதான் ஜெபம் பண்ணணும்னு மேவிஸ் ஒத்தக்கால்ல நிக்கிறா."

விடிந்ததும் தண்ணீர் எடுக்கிற சாக்கில் ஓடைக்குப் போனவர், குடத்தை வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கல்லில் உட்கார்ந்திருந்தார். நோயாளிக்கான ஜெபம் அவருக்கு மனப்பாடம். ஆனால் இல்லாத முட்டிக்காக ஆண்டவரிடம் எப்படிக் கேட்பது? அவர் மனமிரங்கிச் சுகத்தைக் கொடுத்தாலும், அதை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

திரும்பி வந்தபோது ஒன்பது பேர் ஆர்லோவின் கூடாரத்துக்கு எதிரிலேயே, குல்லாயைக் கழற்றிக்கொண்டு கட்டைகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவருக்கும் கேட்கட்டுமேன்னு இங்கயே வச்சிட்டோம் தம்பி" என்றாள் மேவிஸ்.

ஆர்லோ கண்ணை மூடினார். "அன்பின் ஆண்டவரே, உம்முடைய பிள்ளையாகிய டெல்பர்ட்டின்..." அதற்கு மேல் நாக்கு நகரவில்லை. இவ்வளவு நாள் பொய் சொல்ல வளைந்த நாக்கு, ஆண்டவருக்கு நேராக மட்டும் வளைய மாட்டேன் என்றது. கண்ணைத் திறந்தார்.

"டெல்பர்ட்னு யாருமே இல்ல" என்றார்.

ஒன்பது பேரும் கண்ணைத் திறந்து பார்த்தார்கள்.

"எனக்கு மச்சானே கிடையாது. பூட்ஸ் பழைய சாமான் கடையில வாங்கினது. நாயும் இல்ல. போன வருஷம் சபையோட அடுப்பை இங்க பறிகொடுத்துட்டேன். இதுவும் போயிடுமோன்னு பயந்து, நல்ல மனுஷங்க உங்க அத்தனை பேரையும் திருடன் மாதிரி நினைச்சிட்டேன். என்னை நம்பி நீங்க கதவைத் திறந்துபோட்டீங்க. நான் உங்களைப் பார்த்துப் பயந்துக்கிட்டு இருந்தேன். மேவிஸ் அக்கா, நீங்க பேசினது ரேடியோவோடதான். என்னை மன்னிச்சிடுங்க."

மேவிஸ் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அந்த வாரம் முழுக்க அவர் எந்த இரக்கத்தோடு மேவிஸைப் பார்த்தாரோ, அதே இரக்கம் இருந்தது.

"மலைமேல தனியாவே உட்கார்ந்திருந்தார் பாவம்" என்று லாயிட்டின் காதில் சொன்னாள். "முதல்ல இவருக்காக ஜெபம் பண்ணுவோம். முட்டி அப்புறம்."

அப்போது ஆர்லோவின் முதுகுக்குப் பின்னால் கூடாரத்தின் ஜிப் மெதுவாகத் திறந்தது.

நரைத்த தாடியோடு ஒல்லியான ஓர் ஆள் வெளியே வந்தான். ஆர்லோவைவிட அரைச் சாண் குள்ளம். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதி மடிந்து நின்றான். குனிய முடியாதவன்போல, நின்ற வாக்கிலேயே வாசலில் இருந்த பதினைந்தாம் நம்பர் பூட்ஸுக்குள் ஒவ்வொரு காலாக விட்டான். பின்பக்கத்து விறகு அடுக்கை ஒரு தரம் பார்த்தான், ஆர்லோவை ஒரு தரம் பார்த்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு மேவிஸிடம் சொன்னான்:

"முட்டி நல்லாத்தான் இருக்குக்கா, போன வருஷம் அந்தச் சிவப்பெழுத்து அடுப்பைத் திருடிட்டுப் போனப்போ பிடிச்ச இடுப்புதான், திங்கக்கிழமை அதைத் திருப்பிக் கொண்டாந்து அந்த விறகுக்கு அடியில வச்சதுல மொத்தமா போயிடுச்சு, பகல்ல பின்பக்கமா நுழைஞ்சு இங்கயும், ராத்திரி என் பச்சை வண்டியிலயும் படுத்துக் கிடக்கேன், ஜெபம் பண்றதா இருந்தா அதுக்குப் பண்ணுங்க."