எண்ணூர் வரை ஒரு மாத்திரை

“ஸ்டாக் இல்ல” என்றார் வண்ணாரப்பேட்டை மருந்துக்கடைக்காரர். இன்னாசி மாத்திரையின் பெயரில் பாதியைத்தான் சொல்லியிருந்தார்.

இன்னாசி காசிமேட்டு மீன் வியாபாரி. அவருக்கு ஏ.டி.எச்.டி. என்னும் கவனச்சிதறல் கோளாறு என்று டாக்டர் கண்டுபிடித்தது ஐம்பதாவது வயதில். ஊர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது, பெயர்தான் தெரியாமலிருந்தது. மாத்திரை போட்டால் எடுத்த வேலையை முடிப்பார். போடாவிட்டால் அடுத்தவன் வேலையையும் எடுத்து, அதையும் முடிக்காமல் விடுவார். இப்போது மாத்திரைக்குத் தட்டுப்பாடு. கையிலிருந்தது நேற்றோடு தீர்ந்தது. இன்று மாலை மகள் சௌமியாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

போன தடவை வந்தவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள், “செயின்ல சத்தம் வருது” என்று மாப்பிள்ளையின் பைக்கைக் கழற்றி வாசலில் பரப்பிவிட்டார். அவர்கள் ஷேர் ஆட்டோவில் போனார்கள். சம்பந்தமும் அதே ஆட்டோவில் ஏறிப் போயிற்று.

“நைனா, இவர எனக்குப் புடிச்சிகீது. கொஞ்ச நேரம் கம்முனு குந்திகினு இரு, போதும்” என்று சௌமியா காலையில் கெஞ்சியிருந்தாள்.

“டாக்டருக்கு போன் போடு மாமு” என்றான் ஆட்டோக்கார நண்பன் அமீர்.

டாக்டர் உடனே வேறு மருந்துக்கு மாற்றினார். “ஆனா பலன் தெரிய சில வாரம் ஆகும்.”

“அதுவரிக்கும் மாப்ள வூட்டுக்காரங்கள காபி குடிச்சிகினே இருக்கச் சொல்லவா, டாக்டர்?” என்றார் இன்னாசி.

டாக்டர் யோசித்து, பழைய மருந்திலேயே நாள் முழுக்க மெதுவாகக் கரையும் வகையைச் சொன்னார். அது மெட்ராஸ் முழுக்கக் கடைகளிலேயே கரைந்து போயிருந்தது. பழைய மாத்திரையைத் தேடுவதைத் தவிர வழியில்லை. இதற்குள் இன்னாசி போனைக் காதில் வைத்தபடியே எதிர்க்கடையில் பேரம் பேசி, ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போதுமான திரைச்சீலை வாங்கியிருந்தார்.

“நீ எறங்காத. நானே கேட்டுகினு வரேன்” என்றான் அமீர்.

தண்டையார்பேட்டையில் அவன் கடைக்குள் போய் “இல்ல” என்ற பதிலோடு திரும்புவதற்குள், இன்னாசி ஆட்டோ மீட்டரைப் பிரித்துப் பார்த்திருந்தார். அமீர் பிறந்ததிலிருந்து ஓடாத அந்த மீட்டர் ஓட ஆரம்பித்தது. நிற்கவே மாட்டேன் என்றது.

“ஏன் மாமு, என் பொயப்புல கை வெச்ச? இத்த பாத்தா எவன் ஏறுவான்?”

ஸ்ட்ராங்கா ஒரு காபி அடித்தால் நிதானம் வரும் என்று அமீர் வாங்கிக் கொடுத்தான். நிதானம் வரவில்லை, வேகம் வந்தது. திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வழிமறித்து நிற்க, இன்னாசி ஆட்டோவிலிருந்து குதித்து, நடு ரோட்டில் நின்று கைகாட்ட ஆரம்பித்தார். துறைமுகத்துக்குப் போகவேண்டிய லாரிகள் எல்லாம் மணலி புதுநகர் பக்கம் பவ்யமாகத் திரும்பின. அமீர் அவரைத் திரைச்சீலையில் சுற்றி ஆட்டோவில் போட்டுக்கொண்டு எண்ணூருக்கு ஓட்டினான்.

அதுதான் கடைசிக் கடை. கல்லாவில் தஸ்னீம் என்ற பெண். இன்னாசி சுற்றிய துணியோடு உள்ளே வந்து, மகளைப் பெண் பார்க்க வருகிற கதையைச் சொன்னார். அவள் மனசு கேட்காமல் அலமாரியைத் திறந்தாள். ஒரே ஒரு அட்டை மாத்திரை இருந்தது.

“கீது அண்ணே. ஆனா குடுக்க முடியாது. இன்னொர்த்தருக்கு எடுத்து வெச்சிகீது.”

அன்றைக்கு முதல் தடவையாக இன்னாசி அசையாமல் நின்றார்.

“யாரும்மா அது? பொண்ணு வாழ்க்கம்மா. அந்தாளு கால்ல வேணாலும் வுழறேன்.”

“எங்கேந்து வுழுவீங்க? போன வாரம் போன்ல சொன்னதோட சரி, ஆளையே காணோம்” என்றாள் தஸ்னீம். “வஞ்சிரத்துக்குப் படகு படகா சொல்லி வெக்கிற மாரி, வண்ணாரப்பேட்டைலேந்து இங்க வரிக்கும் ஒரு கட பாக்கியில்லாம எடுத்து வெக்கச் சொல்லிகீறாராம். அதான் எங்கியும் ஸ்டாக் இல்ல. காசிமேட்டு மீன்காரராம், பேரு இன்னாசியாம்.”