தனித்தனியும் மூன்று வேலை கிரைண்டரும்

கடந்த ஆண்டு ஆகஸ்டு பதினான்காம் தேதி, காலை ஒன்பதரை மணி, சுபாங் ஜெயாவில் தூறல். என் மருமகன் குணாவின் எதிர்காலத்தை ஒரு மனிதர் மூன்றாகப் பிரித்து மேசைமேல் வைத்தார். மலேசியாவிலேயே இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்யச் சம்மதிக்காதவர் அவர் ஒருவர்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் அவருக்குப் பெயர் 'தனித்தனி'. சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். என் வீட்டுக்கு நேர் மேலே, ஒண்டிக்கட்டையாக இருக்கிறார்.

நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வாங்கினால் முதலில் சோறு, பிறகு வேர்க்கடலை, நெத்திலி, முட்டை. கடைசியில் மிளகாய்ச் சம்பலை மட்டும், கண்ணீர் வழிய. கடைக்கார அம்மா ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்: "அங்கிள், எல்லாத்தையும் பிசைஞ்சு சாப்பிடுங்க லா!"

"பிசைஞ்சுட்டா, வயிறு வலிச்சா எது காரணம்னு எப்படி ஆன்டி கண்டுபிடிக்கிறது?"

கிள்ளானில் குணாவுக்கும் என் மகளுக்கும் கல்யாணம் நடந்தபோது மூன்று முறை வரிசையில் நின்று மேடையேறினார். வாழ்த்த ஒருமுறை, மொய் கொடுக்க ஒருமுறை.

"பாஸ், மூணாவது தடவை வரீங்க!" என்றான் போட்டோக்காரன்.

"போட்டோவுக்கு இதான் முதல் தடவை" என்றார்.

எல்லாம் அவர் பார்க்கும் வேலையின் கோளாறு. மின்சாதனங்கள் ஓடும்போது பக்கத்திலிருக்கும் ரேடியோவையும் டிவியையும் தொந்தரவு செய்கின்றனவா என்று அளந்து பார்க்கும் சுபாங் ஜெயா சோதனைக்கூடம் அது. ஒரே சாதனம் பல வேலை செய்தால் ஒவ்வொரு வேலையையும் தனியாக ஓட்டி அளக்க வேண்டும்; பிரிக்கவே முடியாதவற்றை மட்டும் சேர்த்து ஓட்டலாம். அங்கே விதி அப்படி. மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார்.

குணா தன் லோரியை விற்று, என் ஓய்வுக்காலப் பணத்திலும் கொஞ்சம் வாங்கி, புதுவகை கிரைண்டர் ஒன்றை மொத்தமாக இறக்குமதி செய்திருந்தான். மாவு ஆட்டும், தேங்காய் துருவும், கைப்பேசிக்குச் சார்ஜும் ஏற்றும். சான்றிதழ் கிடைத்தால்தான் விற்கலாம். தீபாவளிக்கு முன் விற்றால்தான் பணம். நான் கவலையில் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் பத்துதான் வந்தது.

அன்றைய சோதனையில் மாவு பாஸ். தேங்காய் பாஸ்.

"சார்ஜ மட்டும் தனியா ஏத்து தம்பி" என்றார் தனித்தனி.

"முடியாது அங்கிள். மோட்டார் ஓடினாத்தான் சார்ஜ் ஏறும். மாவு ஆட்டிக்கிட்டே பாட்டு கேக்கலாம், அதான் ஐடியாவே!"

"அப்ப இது பிரியாத ஜோடி. சேர்த்து ஓட்டு."

ஓட்டினான். திரையில் கோடு எல்லையைத் தாண்டி எகிறியது. ஃபெயில்.

"அங்கிள், ரெண்டு பாஸ், ஒண்ணுதான் ஃபெயில். மெஜாரிட்டி இருக்கு லா!"

"இது எலெக்ஷன் இல்ல தம்பி."

நான் குரலைத் தாழ்த்தினேன். "ஏம்பா, மேல் வீடு கீழ் வீடுன்னு இத்தன வருஷமா பழகறோம்..."

"அண்ணே, இங்க நான் டெஸ்டர். வீட்டுலதான் பக்கத்து வீட்டுக்காரன். ரெண்டையும் சேர்த்து ஓட்டாதீங்க."

அன்று மாலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் வடைப் பொட்டலம். "இப்ப பக்கத்து வீட்டுக்காரனா வந்திருக்கேன்" என்று குணாவின் அருகில் உட்கார்ந்தார்.

குணா ஆவலாக, "எப்படி அங்கிள் சரி பண்றது?" என்றான்.

"டெஸ்டர் அத சொல்லக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு கரண்ட பத்தி ஒண்ணும் தெரியாது. வடை சாப்பிடு."

என் மகள் சிரித்துவிட்டாள். எனக்கு ஆத்திரம். ஆனால் குணா எழுந்து போகும் வரை மனிதர் நகரவில்லை. டிவி கூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருப்பது ஒரு வேலை. அதை மட்டும் செய்தார்.

பிறகு பூச்சோங்கில் ஓர் எஞ்சினியரைப் பிடித்தோம். அவர் ஒவ்வொரு கிரைண்டரிலும் மின்கம்பி நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டும் சிறு பெட்டி ஒன்றைப் பொருத்தினார். மறுசோதனையில் மாவு பாஸ், தேங்காய் பாஸ், பிரியாத ஜோடியும் பாஸ். தனித்தனி கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்த பிறகே சிரித்தார்.

கிள்ளானில் விற்பனை தொடங்கிய அன்று கடை திறக்கும் முன்பே ஒருவர் குடையுடன் வாசலில் நின்றார்.

"அங்கிளுக்கு ஃப்ரீ" என்றான் குணா.

"இன்னிக்கு நான் கஸ்டமர். விலையச் சொல்லு."

வீட்டில் வெந்நீர்கூட வைக்காத மனிதர் அவர். அந்தக் கிரைண்டர் இன்றும் பெட்டி பிரிக்காமல் என் தலைக்கு மேலே இருக்கிறது.

தீபாவளிக்குள் சரக்கு முழுவதும் போய்விட்டது. எஞ்சினியர், வடிகட்டிகள், மறுசோதனை எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது வெள்ளி. தனித்தனி கிரைண்டருக்குக் கொடுத்த இருநூற்று எண்பத்தொன்பது வெள்ளியை அதில் கழிக்கவில்லை. அதைத் தனியாகவே வைத்திருக்கிறேன். வேறு எந்தப் பணத்தோடும் சேர்க்க மனம் வரவில்லை.