யோரிஸ் கொண்டுவந்த சீனத் தட்டு

தட்டு நாலு துண்டாகவும் கொஞ்சம் மாவாகவும் தரையில் கிடந்தது. ஹொய்பெர்ட் கையில் ஆணி மட்டும் மிச்சம்.

உடைக்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டத்தான் பார்த்தான். அடுப்புக்கு மேலே அந்தச் சீனத் தட்டு தொங்கும்போதெல்லாம், மனைவி மாக்தெல்ட்டின் முதல் புருஷன் யோரிஸே மேலே உட்கார்ந்து இவன் பட்டாணிக் கஞ்சி குடிப்பதைப் பார்ப்பது போலிருக்கும். யோரிஸ் கப்பல்காரன். ஒரு பயணத்தில் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அடுத்த பயணத்தில் கடலோடு போனான். செத்தவனோடு சண்டை போட முடியாது. செத்தவர்களிடம் உள்ள கெட்ட குணமே அதுதான்.

மாக்தெல்ட் தன் அக்காள் ஆக்தெயின் ஊருக்குப் போயிருந்தாள். கிளம்பும்போது சொன்னது இவ்வளவுதான்: "வீடு தீப்பிடிச்சா மொதல்ல தட்டை எடுத்துட்டு ஓடுங்க. அப்புறம் உங்க சாமானைப் பாருங்க." சனிக்கிழமைப் படகில் வந்துவிடுவாள்.

ஹொய்பெர்ட் துண்டுகளைத் துணியில் முடிந்துகொண்டு வாய்க்கால் ஓரம் தட்டு ஓவியன் லீவனின் பட்டறைக்கு ஓடினான். டெல்ஃப்ட் நகரத்தில் சீனாவைத் தட்டில் எழுதாத சந்து கிடையாது. சீனாவைப் பார்த்த ஓவியனும் கிடையாது.

"லீவன் அண்ணே, இதே மாதிரி ஒண்ணு வேணும். அவளே பாத்தாலும் தெரியக்கூடாது. தெரிஞ்சா நான் மாட்டுவண்டிக்கு அடியிலதான் படுக்கணும்."

லீவன் துண்டுகளை மேசையில் சேர்த்துப் பார்த்தான். ஒரு மிருகத்தின் வாலும் பின்னங்கால்களும் இருந்தன. பக்கத்தில் மண்டியிட்டு ஓர் ஆள், தலையில் பெரிய பூ மாதிரி ஏதோ. முன்னால் ஒரு குடம். மிருகத்தின் தலையும் வயிறும் மாவாகிப் போயிருந்தன.

"தலை எப்படிய்யா இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"அது எனக்கும் தெரியும். அலகா, தும்பிக்கையா, கொண்டையா?"

"நான் சரியாப் பாக்கலியே."

"வருஷக் கணக்கா அதுக்குக் கீழதானே உக்காந்து திங்கிற?"

"கஞ்சியைத்தான் பாத்தேன்."

"பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"யோரிஸ் பேரை எடுத்தா பாதி நாள் பேசுவா. மீதி நாள் அழுவா. அடுப்பு எரியாது."

வேறு வழியில்லாமல் மதுக்கடையிலிருந்து க்ரைனை இழுத்து வந்தார்கள். க்ரைனும் பழைய கப்பல்காரன்தான். ஆப்பிரிக்க முனையைத் தாண்டினானா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனால் பீர் வாங்கிக் கொடுத்தால் எந்த நாட்டுக்கும் போய்வந்தவன்.

"இதா?" என்றான் க்ரைன், நுரையைத் துடைத்துக்கொண்டு. "சீனாக்காரன் கும்பிடற சிங்கம்டா இது. மண்டி போட்டிருக்கறவர் பூசாரி. குடத்துல சாம்பிராணி."

"சிங்கத்துக்கு ஏன் குளம்பு இருக்கு?"

"அந்த ஊர்ச் சிங்கத்துக்குக் குளம்புதான். நீ போய்ப் பாத்தியா?"

லீவன் போய்ப் பார்க்கவில்லை. தூரிகையை எடுத்தான்.

தட்டின் மேலுள்ள வெள்ளைப் பூச்சு சுடுவதற்கு முன் உலர்ந்த மாவு போலிருக்கும். தூரிகை பட்டதும் நீலச் சாயத்தைக் குடித்துவிடும். துடைக்க முடியாது. கை தவறினால், தவறியதையே வேறு எதுவாகவாவது மாற்ற வேண்டும். எங்கள் ஊர்த் தட்டுகளில் பறக்கும் பறவைகளில் பாதி அப்படிப் பிறந்தவைதான்.

"பல்லு இன்னும் கொஞ்சம் நீட்டா..." என்று ஹொய்பெர்ட் குனிந்தான். லீவனின் முழங்கையில் இடித்தான். மிருகத்தின் முதுகில் பெரிய சொட்டு விழுந்தது.

"அறிவுகெட்டவனே!"

"இறக்கையா மாத்திடு" என்றான் க்ரைன்.

"ஒத்தை இறக்கையை வச்சு எப்படிப் பறக்கும்?" என்றான் ஹொய்பெர்ட்.

இரண்டாவது இறக்கை போட இடம் பத்தவில்லை. அதன் நுனி பூசாரியின் மூக்குக்குக் கீழே போய் ஈஷிக்கொண்டது.

"மீசை" என்றான் க்ரைன், யாரும் கேட்காமலே.

"பூசாரிக்கு மீசை உண்டா?"

"சீனாவிலயா? பொறந்த குழந்தைக்கே உண்டு."

மீசை வந்ததும் குடம் வெறுமையாகத் தெரிந்தது. புகை போட்டார்கள். புகை வந்ததும் சிங்கம் சாதுவாகத் தெரிந்தது. வாயில் நெருப்பு வைத்தார்கள்.

லீவன் தள்ளி நின்று பார்த்தான். "நான் எழுதினதிலேயே இதுதான்யா அசல் சீனம்."

ஹொய்பெர்ட் உடைந்த துண்டைக் கையில் எடுத்தான். அத்தனை நாளில் முதல்தடவையாக அந்த மண்டியிட்ட ஆளைக் கவனித்தான். அவ்வளவு பெரிய மிருகத்துக்குக் கீழே பயமே இல்லாமல் இரண்டு கையையும் நீட்டியிருந்தது. முகத்தில் லேசான சிரிப்பு. யாராக இருக்கும்? யோரிஸ் எந்தக் கோயில் வாசலில் நின்று இதைப் பார்த்திருப்பான்? கேட்க யோரிஸ் இல்லையே என்று அவனுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

சனிக்கிழமை காலை தட்டு சூளையிலிருந்து வந்து ஆணியில் ஏறியது. மதியம் கதவு திறந்தது. முதலில் வந்தவள் ஆக்தெ. மாக்தெல்ட் வெளியே படகுக்காரனோடு பெட்டிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆக்தெயின் கண் நேரே அடுப்புக்கு மேலே போனது. ஹொய்பெர்ட் முந்திக்கொண்டான். பேசிக்கொண்டே இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்தான்.

"நல்லாப் பாருங்கக்கா. சீனாக்காரங்க சாமி அது. பறக்கற சிங்கம். பூசாரி சாம்பிராணி போடறார். மீசையைப் பாத்தீங்களா? வேண்டுதலுக்கு வளத்தது."

ஆக்தெ தட்டை ஒரு தடவை பார்த்தாள். ஹொய்பெர்ட்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்துக் கத்தினாள்:

"ஏண்டி மாக்தெல்ட், பெட்டியைப் போட்டுட்டு ஓடி வா! நீ தலையில தொப்பி போட்டுக்கிட்டு நம்ம தொழுவத்துல பால் கறக்கறதை உன் மொதப் புருஷன் படமாப் போட்டு, சீனா வரைக்கும் கொண்டுபோய்த் தட்டுல எழுதி வாங்கிட்டு வந்தானே, இப்ப நம்ம மாட்டுக்கு இறக்கையும் உனக்கு மீசையும் முளைச்சிருக்குடி!"