லிபர்த்தேயின் இரண்டு மாதிரிகள்

அரசாங்கத்துக்குப் பயப்படாதவர்கள் புதுச்சேரியில் நிறையப் பேர் உண்டு. அரசாங்கமே பார்த்துப் பயந்த ஆள் எங்கள் நெல்லித்தோப்பு லிபர்த்தே ஒருவர்தான். லிபர்த்தே என்றால் பிரெஞ்சில் சுதந்திரம். அந்த ஒரு வார்த்தையைத் தவிர அவருக்குப் பிரெஞ்சு தெரியாது.

தெருமுனையில் டைப்பிங் சென்டர் வைத்திருந்தார். ‘பழைமை காக்கும் கட்சி’ என்று லெட்டர்பேடும் வைத்திருந்தார். தலைவர், செயலாளர், தொண்டர் எல்லாம் அவரே. ஊராருக்கு மனு அடித்த நேரம் போகக் கட்சிக்கும் அடிப்பார். கம்ப்யூட்டரில் இரண்டு மாதிரிகள் தயாராக இருக்கும். ஒன்று, ‘அரசு இதில் தலையிடக் கூடாது’. இன்னொன்று, ‘அரசு இதை உடனே தடுக்க வேண்டும்’. மேலே விஷயத்தை மட்டும் மாற்றுவார்.

ஹெல்மெட், கடை லைசென்ஸ் எல்லாம் முதல் மாதிரி. “என் மண்டை, உடைஞ்சா எனக்குத்தான உடையும்? கவர்மெண்ட்டுக்கு இன்னா?” என்பார். கடற்கரையில் ஜோடியாக உட்காருவது, கிழிந்த ஜீன்ஸ், மாதா கோயில் பூசை நேரத்தில் திறந்திருக்கும் பிரியாணிக் கடை எல்லாம் இரண்டாவது.

“முசியே, காலையில கவர்மெண்ட்ட ‘வெளிய போ’ன்றீங்க, சாயந்தரம் ‘உள்ள வா’ன்றீங்களே?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“என் வூட்டுக்குள்ள வராதன்றேன். அடுத்தவன் வூட்ட பாருன்றேன். இதுல இன்னாய்யா குழப்பம்?” என்றார். குழப்பம் எனக்குத்தான்.

கடைசியில் விஷயம் அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. ஒரே மகள் ஜெசிந்தா, நர்ஸ். கூட வேலை பார்க்கும் முருகனைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ள நோட்டீஸ் கொடுத்துவிட்டாள். கோயிலில் சாமியார் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டிய கல்யாணத்துக்குக் கவர்மெண்ட் போர்டில் காகிதம் ஒட்டுவதா! லிபர்த்தே கொதித்துப் போனார்.

ஆட்சேபனை சொல்லக் கடைசி நாள். சாட்சிக் கையெழுத்துக்கு ஒத்துக்கொண்ட பாவத்துக்கு நானும் பதிவு ஆபீசில் ஜெசிந்தாவோடு உட்கார்ந்திருந்தேன். லிபர்த்தே இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மகளைப் பார்க்காமல் மனுவை நீட்டினார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளார்க் அம்மா சத்தமாக வாசித்தார். “என் மகள் என் சம்மதமின்றிச் செய்யவிருக்கும் இத்திருமணத்தில்... அரசு எக்காரணம் கொண்டும் தலையிடக் கூடாது.”

ஐயையோ, மாதிரி மாறிவிட்டது!

“இன்னா சார் இது? கல்யாணத்த நிறுத்தச் சொல்றீங்களா, நடத்தச் சொல்றீங்களா?”

லிபர்த்தே மனுவை வாங்கினார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

“அடிச்சது அடிச்சதுதான். ஒரு எழுத்து மாத்த மாட்டேன். சீல் குத்துங்கம்மா.”

“ப்பா...” என்றாள் ஜெசிந்தா.

“நீ சும்மா இரு. நானும் கவர்மெண்ட்டும் பேசிக்கினு இருக்கோம்.”

டைப்பிங் தப்பு என்று தெருவே இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அந்தப் பாவி மனுஷன், மூன்று தரம் வாசிக்காமல் எந்த மனுவிலும் கையெழுத்துப் போட்டவர் இல்லை.