கொக்கியக்காவின் எலும்பு

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் போகிற காலை பாசஞ்சரை எஞ்சின் டிரைவர் ஓட்டுகிறார் என்று ரயில்வேக்காரர்கள் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். லேடீஸ் பெட்டியில் போகிற எங்களுக்கு உண்மை தெரியும். வண்டியை ஓட்டியது கொக்கியக்கா.

சொந்தப் பெயர் என்னவோ இருந்தது. டிக்கெட் பரிசோதகரைத் தவிர யாருக்கும் அது தேவைப்படவில்லை. திருவனந்தபுரத்தில் தம்பானூர்ப் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை. பாறசாலையில் ஏறி வாசலருகே நின்றுகொள்வாள். அடுத்த நிறுத்தமான தனுவச்சபுரத்தில், பக்கத்துக் கொல்லயில் ஊர்க்காரிகளான நாங்கள் மூச்சிரைக்க ஓடி வரும்போது வண்டி அசையத் தொடங்கியிருக்கும். வாசலிலிருந்து ஒரு கை நீளும். அடுத்த நொடி நாம் உள்ளே இருப்போம்; செருப்பு சில சமயம் வெளியே இருக்கும். அப்படி வந்த பெயர்தான் கொக்கி. என்னை முதல்முறை இழுத்துப் போட்டுவிட்டு, நாளை முதல் வீட்டிலிருந்து சீக்கிரம் இறங்கச் சொன்னாள். நான் இறங்கவில்லை. கொக்கி இருக்கும்போது எதற்கு?

எங்கள் பைகளை மேல்தட்டில் அடுக்குவதும் அவள்தான். மற்றவர்கள் வைத்தால் விழுந்துவிடும் என்பது அவள் கொள்கை. ஜன்னல் சீட் யாருக்கு என்பதையும் அவளே முடிவு செய்வாள். மசக்கைக்காரிக்கு முதல் உரிமை. மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவளுக்கு அடுத்தது. அதனாலேயே எங்கள் பெட்டியில் மாமியார்கள் உள்ளதைவிடக் கொடுமைக்காரிகளாக வர்ணிக்கப்பட்டார்கள்.

அவளுக்கு ஈரலில் வெகுநாளாக ஒரு நோய் உண்டு. உடம்பு தன் ஈரலையே எதிரியாக நினைத்துத் தாக்குகிற வகை. மாத்திரை சாப்பிட்டு அடக்கி வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் ஈரல் கெட்டது என்றாலே குடி என்று முடிவு கட்டிவிடுவார்கள். குன்னத்துகாலில் ஒரு கல்யாண வீட்டில் பெரிய மனிதர் ஒருவர் அவளைத் தனியே அழைத்து, குடியை விட்டுவிடும்படி கனிவாகச் சொன்னாராம். அவருக்குக் கொடுத்த பதிலை மறுநாள் எங்களுக்கு நடித்தே காட்டினாள்: "அண்ணே, நான் குடிக்கியது பால் விடாத கட்டன்சாயா ஆக்கும். அதையும் விட்டா உங்களுக்க பேச்ச எல்லாம் எப்படித் தாங்கியது?"

ஒரு மழைக்காலத்தில், மேல்தட்டு எட்டவில்லை என்று சொல்லத் தொடங்கினாள். ரயில்வேக்காரர்கள் வேறு பெட்டியை மாட்டிவிட்டார்கள், தட்டை உயர்த்திவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னாள். நெய்யாற்றின்கரையில் இறங்கி, வண்டி நிற்கிற சிறிது நேரத்துக்குள் கார்டிடம் மலையாளத்தில் ஒரு முழுச் சண்டை போட்டாள். அதே பழைய பெட்டிதான் என்றார் அவர். பிறகு ஏன் எட்டவில்லை என்று அவரையே கேட்டாள். பாவம், அவர் பச்சைக்கொடியை ஆட்டிவிட்டார். அவளுக்கு இருந்த முதுகுவலிக்கும் ரயில்வேதான் பொறுப்பு, சீட்டுகள் சரியில்லையாம்.

அதற்குப் பிறகு ஒரு காலை. குளத்தூரிலிருந்து வருகிற கல்லூரிப் பெண் ஒருத்தி தாமதமாக ஓடி வந்தாள். ஈர்க்குச்சி போல இருப்பாள். கொக்கியக்கா வழக்கம்போலக் கை நீட்டி இழுத்தாள். பயற்றங்காய் ஒடிப்பதுபோல ஒரு சத்தம். பெண் பத்திரமாக உள்ளே வந்துவிட்டாள். கொக்கியக்கா தரையில் உட்கார்ந்து, கோணிப்போன மணிக்கட்டை யாருடையதோபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அழத் தொடங்கியதும் மறு கையால் அவள் தலையைத் தடவி, "நீ ஒண்ணும் செய்யல்ல மக்கா" என்றாள்.

திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போனேன். மாவுக்கட்டுப் போட்ட டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு லேசான பெண்ணை இழுத்ததற்கா கை ஒடியும்? பழைய ஈரல் வைத்தியச் சீட்டுகளைப் பார்த்தார். முதுகை எக்ஸ்ரே எடுத்தார், எலும்பின் பலத்தைப் பார்க்கிற ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். ஈரல் நெடுநாள் கெட்டிருந்தால் எலும்பும் சத்தமில்லாமல் மெலிந்துபோகலாம், ஈரலுக்காகச் சாப்பிட்ட மாத்திரையும் அதோடு சேர்ந்துகொண்டது என்று விளக்கினார். முதுகுத்தண்டில் இரண்டு எலும்புகள் எப்போதோ நசுங்கியிருந்தன. அதில்தான் அவள் உயரம் குறைந்திருக்கிறது.

கொக்கியக்கா எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்போ அந்தக் கார்டு பொய் சொல்லல்ல" என்றாள்.

எலும்புக்கு ஊசியும் மாத்திரையும் உண்டு, தினமும் நடக்க வேண்டும், ஆனால் கனம் தூக்கக்கூடாது, விழக்கூடாது, யாரையும் இழுக்கவே கூடாது என்றார் டாக்டரம்மா. ரயிலில் போகலாமா என்று கேட்டாள். கை சரியான பிறகு உட்கார்ந்துகொண்டு போகலாம் என்றார். உட்காரச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. திரும்பும்போது ஆட்டோவில்தான் அழுதாள். கை ஒடிந்தபோதுகூட அழாதவள்.

"இனி கை நீட்டாட்டி, பிள்ளைகளுக்கு நான் எதுக்கு?"

அவள் முந்தானையைச் சரிசெய்துவிட்டேன், அவ்வளவுதான்.

மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தாள். அவளைப் பார்க்க வேண்டும் என்று தனுவச்சபுரத்தில் நாங்கள் எல்லோரும் வண்டிக்கு முன்பே வந்து நின்றிருந்தோம். சரித்திரத்தில் முதல்முறையாக ஒருத்தியும் ஓடவில்லை. அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தோம். மசக்கைக்காரி ஒருத்தியே எழுந்து இடம் கொடுத்தாள். நெய்யாற்றின்கரை வந்தது. வழக்கமான கூட்டம் முட்டி மோதி ஏறியது. யாரும் சொல்லிவைக்கவில்லை, நாங்கள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அவளைச் சுற்றி நின்றோம். இடியெல்லாம் எங்கள் முதுகில் விழுந்தது.

"கொஞ்சம் மாறி நில்லுங்க பிள்ளைகளே, எனக்குக் காத்து வரண்டாமா?" என்றாள். பாலராமபுரம் தாண்டியும் திட்டிக்கொண்டே வந்தாள்.

ஒருத்தியும் மாறவில்லை.