பதில் சொல்லும் அதிகாரி

"ஆளில்லாத வூட்டுல உக்காந்து என்னத்தங்க மேனேஜ் பண்றது?" என்று கேட்டான் நவநீதன்.

"யாராச்சும் 'கிருஷ்ணப்பா'ன்னு கூப்பிட்டா 'இருக்கேன்'னு சொல்லணும். அவ்வளவுதான்" என்றார் போனில் கிருஷ்ணப்பன். ஓசூரிலிருந்து பேசினார். வீடு இருக்கும் கடத்தூருக்குத் திரும்பும் உத்தேசமே இல்லாத குரல்.

வேலை தேடும் ஆப்பில் 'நாய் பார்த்துக்கொள்ளப் பொறியாளர் தேவை' என்பதற்கும் 'கையெழுத்து அழகான வாட்ச்மேன் தேவை' என்பதற்கும் நடுவே கிடைத்தது இது: 'ரெஸ்பான்ஸ் மேனேஜர்.' நவநீதன் எம்.பி.ஏ. மேனேஜர் என்ற சொல்லைத் தாண்டி அவன் எதையும் படித்ததில்லை, எம்.பி.ஏ.விலும்.

தவிர, அவனுக்குப் பேசி வைத்திருந்த கலைச்செல்வியின் அப்பா பச்சியப்பன் சொல்லியிருந்தார்: "தை பொறக்கறதுக்குள்ள வேலைக்குப் போகலைன்னா, பொண்ண வேற எடத்துல பேசிருவேன் மாப்ள."

டை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லைப்பக்கம் ஒரு குரல்.

"கிருஷ்ணப்பா..."

"இருக்கேங்க! சொல்லுங்க!"

யாரும் சொல்லவில்லை. கதவைத் திறந்தான். வேப்பமரம் மட்டும், இலைகூட அசையாமல்.

மறுநாள் எதிர்வீட்டு தெரசாக்காவிடம் பெருமையாகச் சொன்னான். அவர் தண்ணிக்குடத்தை இறக்கி வைத்துவிட்டார்.

"அடப்பாவி! பொழுது சாஞ்சு பேர் சொல்லிக் கூப்பிட்டா, மூணாந்தரம் கூப்பிடாம வாயத் தொறக்கலாமா? பேய் ஒரே தரந்தான் கூப்பிடும். பதில் சொன்னவன ஒரு நாளு இல்லேன்னா ஒரு நாளு கூட்டிட்டுப் போயிரும். அதுக்குத்தான் அந்தாளு தன் பேர்ல பதில் சொல்ல உன்னப் புடிச்சுப் போட்டிருக்கான்!"

நவநீதன் ராஜினாமாவைப் பற்றி யோசித்தான். பச்சியப்பனைப் பற்றியும் யோசித்தான். பேயே தேவலை என்று பட்டது.

படித்த படிப்பு கைகொடுத்தது. 'இருக்கேன்' என்று போனில் பதிவுசெய்து, திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு ஜன்னலில் வைத்தான். தான் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டான். குரல் வந்தது. போன் பதில் சொன்னது.

"போன் வேணாம், நவநீதா. நீ பேசு."

அடுத்து தெரசாக்காவின் யோசனை. ஓசூருக்கு அந்தப்பக்கம் கன்னடக்காரர்கள் எழுதுவதுபோல, கொல்லைக் கதவில் 'நாளை வா' என்று சாக்பீஸால் எழுதினான். பேய் தினமும் அதைப் படித்துவிட்டுத் தினமும் திரும்பிப் போய்விடுமாம். அன்று குரலே இல்லை. நவநீதன் தன் நிர்வாகத் திறமையை மெச்சிக்கொண்டான்.

மறுநாள் மத்தியானமே வந்துவிட்டது.

"நவநீதா... வரச் சொன்னியே?"

பேசினால் உயிர் போகும். பேசாவிட்டால் வேலை போகும். வேலை போனால் கலைச்செல்வி போவாள். வாயைப் பொத்திக்கொண்டு பொழுதை ஓட்டினான். சாயங்காலம் மறுபடியும் "கிருஷ்ணப்பா!" ஜன்னல் இடுக்கில் பார்த்தான். வேப்பமரத்துக்குப் பின்னால் இரண்டு கால்கள். பேய்க்குக் கால் கிடையாது என்பது எம்.பி.ஏ. படித்தவனுக்கும் தெரியும்.

துடைப்பத்தோடு பாய்ந்து, சட்டைக் காலரைப் பிடித்தான்.

"அடிக்காதீங்க சார்! நான் கதிரவன், எம்.சி.ஏ., பொம்மிடி!" கழுத்தில் அடையாள அட்டை ஆடியது. "குவாலிட்டி ஆபீசர். நீங்க ஒழுங்கா பதில் சொல்றீங்களான்னு கூப்பிட்டுப் பாக்கறதுக்கு, கிருஷ்ணப்பன் சார் ஆப்புல விளம்பரம் போட்டு எடுத்தாருங்க."

நவநீதன் மரத்தடியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். கலைச்செல்வி, தை மாதம், மேளம் எல்லாம் திரும்பி வந்தன.

"இத்தன நாளும் நீதானாய்யா? என்னா பாடு படுத்திட்ட!"

கதிரவன் விழித்தான்.

"இத்தன நாளுங்களா? நான் இன்னிக்குத்தான் சார் ஜாயின் பண்ணேன்."